மனுஷ அங்காதிபாதம் பிறந்த கதை

1858ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி கிரே என்ற மருத்துவர் மனித உடற்கூறு பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லியே அந்த நூலைக் கேட்கிறார்கள். அது வெளிவந்து பதினான்கே ஆண்டுகளில், 1872இல், தமிழிலும் வந்துவிட்டது. ‘மனுஷ அங்காதிபாதம்’ என்பது அதன் தமிழ்ப் பெயர். மின்சாரமும் ரயிலும் எட்டிப்பாராத யாழ்ப்பாணத்து மானிப்பாயில், தன் மாணவர்களுக்காக ஓர் ஆசிரியர் ஆக்குவித்த நூல் அது.

அந்த ஆசிரியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 1822இல் பிறந்து, நியூயோர்க்கில் மருத்துவம் படித்து, 1845இல் பட்டம் பெற்றவர். அவருடைய அண்ணன் அன்ட்ரூ கிறீன், நியூயோர்க் நகரின் சென்றல் பார்க் உருவாகக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர். தம்பியோ 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் வைத்தியமும் மருத்துவ வகுப்பும் தொடங்கினார். கிறிஸ்தவத்தைப் பரப்பவே வந்தேன் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அதே மனிதர், தமிழில் மருத்துவம் படிக்க முடியும் என்பதையும் செய்து காட்டினார்.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. பெடியள் நன்றாகப் படித்தார்கள், தேறினார்கள். பிறகு நடந்ததுதான் கிறீனை வருத்தியது. ஆங்கிலமும் மருத்துவமும் சேர்ந்து கைக்கு வந்ததும் பலர் அரச உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போனார்கள். எந்தக் கிராமத்துக்காக அவர்களைப் பயிற்றினாரோ, அந்தக் கிராமம் வைத்தியர் இல்லாமலே கிடந்தது. ஆங்கிலத்தில் கற்பித்தால் மாணவர் நகரத்துக்குப் போவார், தமிழில் கற்பித்தால் ஊரில் நிற்பார் என்ற முடிவுக்குக் கிறீன் வந்தார். மனுஷ அங்காதிபாதம் கருக்கொண்டது இந்த முடிவில்தான்.

ஆனால் தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே! கிறீன் தமிழை ஊன்றிக் கற்றார். கல்வின் கட்டர் எழுதிய பாடநூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ ஆகத் தமிழுக்கு வந்தது. உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் மூன்றும் அடங்கிய நூல் அது. மகப்பேற்று மருத்துவத்துக்குப் ‘பிரசவ வைத்தியம்’ வந்தது. இந்த இரண்டும் 1857க்குள் அச்சாகிவிட்டன. அந்த ஆண்டு விடுமுறையில் தாயகம் போனவர் 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்பை முழுக்கத் தமிழில் நடத்தினார்.

இந்தப் பணியில் கடினமான பகுதி சொல்லாக்கம். தசைக்கும் நரம்புக்கும் நம்மிடம் முன்பே சொல் இருந்தது. ஒவ்வொரு எலும்பின் ஒவ்வொரு புடைப்புக்கும், ஒவ்வொரு நாளத்தின் கிளைக்கும் சொல்லுக்கு எங்கே போவது? கிறீன் ஒரு வரிசை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது. அங்கும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. இந்த வேலையைத் தனியே செய்ய முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. படித்துத் தேறிய தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்பில் தோள்கொடுத்தார்கள். இப்படிச் சேர்ந்த சொற்கள் 1870களில் கலைச்சொல் தொகுதிகளாகவும் வெளிவந்தன.

அறுவை மருத்துவத்துக்கு ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளியானது. 1872இல் மனுஷ அங்காதிபாதமும், நோய்களைப் பற்றிய ‘வைத்தியாகர’மும் வந்தன. வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ 1875இல் வந்தது. கொலராக் காலத்தில் மக்கள் படித்துத் தம்மைக் காத்துக்கொள்ளச் சிறு துண்டுப் பிரசுரங்களையும் எளிய தமிழில் எழுதினார். நூலாசிரியர் என்று பெயர் எடுக்க அவர் இவற்றைச் செய்யவில்லை. வகுப்பில் உள்ள மாணவனுக்கு எது இல்லையோ அதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போனார்.

உடல்நலம் குன்றி 1873இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் பேனாவை வைக்கவில்லை. வூஸ்ற்றர் நகரிலுள்ள தன் வீட்டில் இருந்தபடியே தமிழ் மூலப்படிகளைத் திருத்தி அனுப்பினார். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. 1884 மே 28இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம். அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர்கள் அறுபதுக்கும் மேல்.

அவர் போனபின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய அரச மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் நடந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் பிறந்தபோதும் பயிற்றுமொழி ஆங்கிலமே. ஆனால் பாடசாலையில் நிலைமை வேறு. வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளை கலத்தையும் இழையத்தையும் சுரப்பியையும் தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதுகிறது. உடலைத் தமிழில் விரிவாகக் கற்பிக்கலாம் என்று நூறு ஆண்டுக்கும் முன்பே நிறுவியவர் கிறீன்.

படித்தவர் ஊரில் நிற்பதில்லை என்று கிறீன் கண்ட அந்தப் பழைய சிக்கலும் இன்னும் இருக்கிறது. அன்றும் யாழ்ப்பாணமும் வன்னியும் ஒரே வடமாகாணம்தான். காடும் குளமும் காய்ச்சலுமாக இருந்த வன்னிக்குப் படித்த வைத்தியர் அரிது. இன்று எங்கள் வன்னிப் பாடசாலைகளில் பல ‘கஷ்டப் பிரதேசம்’ என்ற பட்டியலில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஆசிரியர் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் வீடு, பிள்ளைகள் உண்டு. ஆனால் உயர்தர வகுப்பு நடுவழியில் உயிரியல் ஆசிரியரை இழந்தால், இழப்பு முழுவதும் பிள்ளைக்குத்தான். பல்கலைக்கழக அனுமதியில் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வன்னி மாவட்டங்களும் அதில் அடங்கும். கதவு திறந்திருக்கிறது. அதுவரை நடத்திக் கூட்டிப்போக ஆசிரியர்தான் வேண்டும்.

வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. நாங்கள் இனி வெளியூர் ஆசிரியரை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. வன்னியில் பிறந்து, உயிரியல் படித்து, பட்டம் பெறும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். சில ஆண்டுகளாவது உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு வாருங்கள். கடல் கடந்து வந்த ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்காகத் தமிழ் கற்றுப் புத்தகம் செய்தார். உங்களுக்குத் தமிழும் தெரியும், ஊரும் தெரியும். வகுப்பறைக்கு வந்து கற்பியுங்கள்.