மூக்கிலிருந்து ஈறு வரை

ஆரணியில் எனக்குப் பழக்கமான பட்டு நெசவாளர் ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் அவர் தறியிலிருந்து ஒரு புடைவையாவது வந்தாக வேண்டும் என்பது என் மனைவி போட்டிருக்கும் சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து ஒரு நாள் போயிருந்தேன். பெரியவர் பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"பல்லுக் கூச்சங்க. வயசாச்சு, பல்லு நீண்டுபோச்சு" என்றார்.

பல் நீளவில்லை. ஈறு கரைந்து இறங்கிவிட்டது. அதுவரை மறைந்திருந்த வேர் வெளியே வந்துவிட்டது. வேருக்கு மேற்பல்லைப்போல் கெட்டியான கவசம் கிடையாது. தண்ணீர் பட்டாலும் கூசும், காற்றுப் பட்டாலும் கூசும். பெரியவர் சிறு வயது முதல் செங்கல் பொடியாலும் அடுப்புக் கரியாலும் பல்லை அழுத்தித் தேய்த்தவர். போதாததற்கு, அறுந்த இழைக்கு முடி போட்டதும் நுனியைப் பல்லாலேயே கடித்து எறிவார். கையருகே எப்போதும் இருக்கும் ஆயுதம் அது ஒன்றுதானே!

அவர் மகன் குறுக்கிட்டார்: "மேலண்ணத்துலேருந்து கொஞ்சம் சதை எடுத்து ஈறுல வச்சுத் தைக்கலாம்னு டாக்டர் சொல்றாருங்க. அப்பாதான் ஒத்துக்க மாட்டேங்கறாரு."

"கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடலாம். உசிருள்ள சதைக்கு ஒட்டுப் போடுவாங்களா ஐயா? வெள்ளைக்காரன் வித்தை நம்ம உடம்புக்கு ஒத்துவருமா?" என்று பெரியவர் என்னைக் கேட்டார்.

நான் வைத்தியன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் அது வெள்ளைக்காரன் வித்தையா என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதை ஒரு யுத்தத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஆரணிக்காரருக்கு யுத்தம் புதிதல்ல. ஹைதர் அலி தம் படைக்கு வேண்டிய தானியத்தையும் தளவாடங்களையும் ஆரணிக் கோட்டையில்தான் குவித்து வைத்திருந்தார். அதைக் குறிவைத்து வந்த ஸர் அயர் கூட்டின் படையோடு 1782 ஜூன் 2-ஆம் தேதி இங்கே சண்டை நடந்தது. கோட்டை கூட்டின் கைக்கு வரவில்லை. அந்தக் காலத்து யுத்தங்களில் துப்பாக்கி பிடித்தவனுக்குச் சமமாக அவதிப்பட்டவன், அவனுக்கு அரிசி மூட்டை சுமந்த மாட்டை ஓட்டியவன். சரித்திரப் புத்தகங்களில் தளபதிகளின் பெயர்கள் இருக்கும். மாட்டுக்காரனின் பெயர் இராது.

ஒரே ஒரு மாட்டுக்காரனின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்துவிட்டது. காவஸ்ஜி என்ற மராட்டியக் குடியானவன் அவன். பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1792-இல், ஹைதரின் மகன் திப்புவோடு நடந்த போரில் இங்கிலீஷ்காரர் படைக்கு மாடு ஓட்டிச் சென்றான். திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டான். அவர்கள் அவன் மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். கை போனவனைப் பார்த்து உலகம் இரக்கப்படும். மூக்குப் போனவனைப் பார்த்துச் சிரிக்கும். ஏறக்குறைய ஒரு வருஷம் அவன் அந்த முகத்தோடு நடமாடினான்.

பிறகு புனாவுக்கு அருகே, செங்கல் அறுக்கும் ஜாதியைச் சேர்ந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தான். (செங்கல் பொடியால் ஈறைத் தேய்த்துக்கொண்ட நம் பெரியவர் இந்த இடத்தில் தம்மை மறந்து சிரித்துவிட்டார்.) அந்த மனிதர் மெழுகைத் தட்டையாக்கி, அறுபட்ட மூக்கின்மேல் வைத்து அளவு எடுத்தார். அந்த மெழுகை விரித்து நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். கோட்டின் வழியே தோலைச் சதையோடு உரித்து, கீழ்ப் பக்கமாகத் திருப்பி, மூக்கு இருந்த இடத்தில் பொருத்தினார். தையலே கிடையாது. வெற்றிலையோடு போட்டுக்கொள்ளும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணித் துண்டுகளில் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு வைத்தார். நாலு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பத்தியம்.

இதில் சூட்சுமம் ஒன்று உண்டு. நெற்றித் தோலை அவர் முழுவதும் அறுத்து எடுக்கவில்லை. இரண்டு புருவங்களுக்கும் நடுவே ஒரு சிறு பாலத்தை அறுக்காமல் விட்டுவைத்தார். அதன் வழியாகப் பழைய இடத்து ரத்தம் புது மூக்குக்கு வந்துகொண்டிருந்தது. புது இடத்தில் அது வேர் பிடித்தபிறகு, சுமார் 25-ஆம் நாள், பாலத்தை அறுத்தார். சதைக்கு ஒட்டுப் போடும் கலை முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: ஒட்டு வேர் பிடிக்கும்வரை அதற்குச் சோறு போடுவது யார்?

தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு இங்கிலீஷ் டாக்டர்கள் இதைப் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டனில் 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' பத்திரிகை காவஸ்ஜியின் படத்தோடு விவரத்தை வெளியிட்டது. எழுதியவர் இரண்டே எழுத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். டாக்டர்கள் பெயர் இருந்தது, காவஸ்ஜியின் பெயர் இருந்தது. மூக்கு வைத்தவரின் பெயர் இல்லை! எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் வைத்தியர், பிணங்களில் கைப்பழக்கம் செய்துகொண்டு, 1814-இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு அதே முறையில் மூக்கு வைத்தார். 1816-இல் புத்தகமும் போட்டார். ஐரோப்பா முழுவதும் அது பரவிற்று.

செங்கல்காரருக்கு முன்னால் இந்த வித்தை சுசுருதரிடம் இருந்தது. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு வைப்பதை அவர் சொல்கிறார். அறுந்த காதை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகள் சொல்கிறார். பாம்படம் போட்டுக் காது அறுந்த நம் பாட்டிமார் அதன் அருமையை அறிவார்கள். வாய் நோய்கள் 65 என்று கணக்கிட்டு, அவற்றில் 15-ஐ ஈறுக்கென்றே ஒதுக்குகிறார். ஈறு நோய்க்குக் கீறுவார், சுரண்டுவார், மருந்து வைப்பார். ஆனால் ஈறுக்கு ஒட்டுப் போடும்படி அவர் சொல்லவில்லை. இல்லாத பெருமையை அவர் தலையில் கட்டுவது அவருக்கு மரியாதை ஆகாது.

பாலமே இல்லாமல், அடியோடு வெட்டி எடுத்த தோல் வேறு இடத்தில் பிழைக்குமா? மிலான் நகரத்துப் பரோனியோ ஆட்டின் முதுகில் அதைச் செய்து காட்டி 1804-இல் புத்தகம் எழுதினார். மனிதரின் புண்ணில் சிறு சிறு தோல் துணுக்குகளை வைத்துப் பாரிஸில் 1869-இல் பிழைக்க வைத்தவர் ரெவர்டின்.

பல் வைத்தியர்களும் இதே இரண்டு படிகளைத்தான் ஏறினார்கள், ரொம்பத் தாமதமாக. 1956-இல் அமெரிக்காவில் குரூப், வாரன் என்ற இருவர் பக்கத்துப் பல்லின் ஈறை, ஒரு பக்கம் ஒட்டியபடியே இருக்க, நகர்த்தி வெறும் வேரை மூடினார்கள். காவஸ்ஜியின் நெற்றியில் விட்ட பாலம்தான் அது. 1963-இல் ஸ்வீடன் தேசத்து பியோர்ன், அண்ணத்துச் சதையைத் தனியே எடுத்து ஈறில் வைக்கும் முறையை எழுதினார். அந்த ஒட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்கும். முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரைக் குடித்தே அது பிழைக்கிறது. பிறகுதான் ரத்த நாளங்கள் வந்து சேருகின்றன. அதற்குள் அசைந்தால் போயிற்று. பல்லின் வேரோ வறண்ட பாறை, ஒரு சொட்டு ரத்தம் தராது. பக்கத்து ஈறுதான் ஊட்டவேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அண்ணத்துச் சதை எங்கே போனாலும் தன் நிறத்தை விடாது. நம்மைப்போல் ஈறு கறுத்தவர்களுக்கு அது வெளிறின ஒட்டாகவே நின்றுவிடும். 1985-இல் லாங்கர் தம்பதியர் எழுதிய முறையில் அண்ணத்தின் மேல்தோலை விட்டுவிட்டு அடிச்சதையை மட்டும் எடுத்து, இருக்கிற ஈறுக்குக் கீழே செருகித் தைக்கிறார்கள். மேலும் கீழும் இரண்டு பக்கமும் ரத்தம் கிடைக்கிறது. வெளியே தெரிவது பெரும்பாலும் சொந்த ஈறின் நிறம்தான்.

"அதாவது, மேலே ஒட்டுப் போடாம உள்ளே கொடுத்துப் பிணைக்கறாங்க" என்றார் பெரியவர். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைப்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் உடம்புக்கு ஒத்துவருமா என்ற கேள்விக்கு, 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேலூரைக் காட்டினேன். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1940-களின் கடைசியிலிருந்து அங்கே குஷ்ட நோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். உட்கார்ந்துபோன மூக்குகளையும் எடுத்து நிறுத்தினார்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தைக்கிறது எந்த நூல்?" என்றார்.

"பட்டு நூல்தான்" என்றேன். இப்போது வேறு நூல்களும் வந்துவிட்டன. பட்டு எச்சிலை உறிஞ்சுகிறது என்று ஒதுக்கும் டாக்டர்களும் உண்டு. ஆனாலும் பல வைத்தியசாலைகளில் அது இன்னும் இருக்கிறது. நெசவுக்குச் செய்வதுபோலவே, இயற்கையாக ஒட்டியிருக்கும் பசையை முதலில் நீக்கிவிடுகிறார்கள். பின்பு பின்னி, கறுப்புச் சாயம் ஏற்றி, மெழுகு பூசுகிறார்கள்.

அடுத்த முறை நான் போனபோது காரியம் முடிந்திருந்தது. மூன்று பற்களில் இரண்டுக்குத்தான் டாக்டர் சம்மதித்தாராம். மூன்றாவதில் பல்லிடுக்குச் சதையும் எலும்புமே கரைந்துவிட்டதால் முழுதாக மூட முடியாது என்று சொல்லிவிட்டாராம். நாலு வருஷம் முன்னால் வந்திருந்தால் அதையும் பார்த்திருக்கலாம் என்று மகன் வருத்தப்பட்டார்.

பெரியவரோ, பிரித்தெடுத்த தையல் நூலில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டி, "பட்டு நல்ல பட்டுதான். முறுக்கு இல்லை, பின்னல்" என்றார்.

தறிக்குப் பக்கத்துத் தூணில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கிக்கொண்டிருந்தது.