கனூவா, கயாக்கா? வாத்து வேட்டைப் படகுகளின் வரலாறு

படகு என்றதும் நம்மவர் உள்ளத்தில் தோணியும் ஓடமும் வள்ளமும் கட்டுமரமும் தோன்றும். இவற்றுள் கட்டுமரம் என்னும் நம் சொல் 'காட்டமரான்' என உருத்திரிந்து ஆங்கில அகராதியில் இடம்பெற்றிருப்பதை அன்பர் பலர் அறிவர். அதுபோலவே வேறு இரு மக்களினத்தாரின் படகுச் சொற்களும் உலக மொழிகளில் குடியேறியுள்ளன. ஒன்று கனூ, மற்றொன்று கயாக். கனூ என்பது, 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் மேற்கிந்தியத் தீவுகளில் கண்ட தைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் வாயிலாகப் பரவிய சொல். கயாக் என்பது வடதுருவத்தை அடுத்துக் குளிர்நாட்டில் வாழும் இனூயிட் மக்களின் சொல். இம்மக்களை முன்னர்ப் பிறர் எஸ்கிமோக்கள் என்று வழங்கினர். இனூயிட் என்றே அவர்கள் தம்மைக் கூறிக்கொள்வர்; அதற்கு 'மக்கள்' என்பதே பொருள்.

வட அமெரிக்காவில் இலையுதிர் காலம் வந்ததும் காட்டு வாத்து வேட்டைக்குப் புறப்படுவோரிடையே இன்றும் எழும் வினா ஒன்று உண்டு: கனூவில் செல்வதா, கயாக்கில் செல்வதா? கேட்பதற்குச் சிறிய வினாதான். ஆயினும், தக்க விடை காண வேண்டுமானால் அப்படகுகள் பிறந்த நீரையும், அவற்றைச் செய்தோர் வாழ்க்கையையும் நாம் அறிதல் வேண்டும்.

கடலுக்குப் பிறந்த கயாக்

கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரை பரந்து கிடக்கும் துருவக் கடற்கரையின் பெரும்பகுதியில் மரம் வளர்வதில்லை. அலை ஒதுக்கும் மிதவைக் கட்டைகளும் எலும்பும் மான்கொம்புமே அங்குக் கிடைக்கும் தச்சுப் பொருள்கள். அவற்றைக் கொண்டு ஆடவர் மெல்லிய சட்டம் ஒன்றைக் கட்டினர். சீல் எனப்படும் கடல்நாயின் தோலை அதன்மேல் போர்த்தி, விலங்கின் தசைநாரால் பெண்டிர் தைத்தனர். ஊசி தோலை முழுதும் துளைத்து மறுபுறம் செல்லாதவாறு, பாதிக் கனத்திலேயே தைப்பது அவர்தம் கைத்திறன். துளை இல்லையேல் நீர் புகாது. கடலில் ஆடவன் உயிர் இல்லத்தரசியின் தையலை நம்பியிருந்தது எனல் மிகையன்று.

கயாக்கின் மேற்புறமும் தோலால் மூடப்பட்டிருக்கும். ஒருவன் நுழையும் அளவுக்கே நடுவில் ஒரு வாய் உண்டு. கிரீன்லாந்தில் படகின் நீளத்தை, அதைச் செலுத்துவோன் இரு கைகளையும் விரித்த அளவில் ஏறத்தாழ மூன்று மடங்காக வைத்தனர். அகலத்தை அவன் இடுப்பளவோடு இரண்டு கைம்முட்டி அளவு கூட்டி வகுத்தனர். ஆகவே ஒருவன் கயாக் மற்றொருவனுக்குப் பொருந்துவது அரிது. தோலாடையின் கீழ்விளிம்பை அந்த வாயின் வளையத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டால், படகும் மனிதனும் ஓருடல் ஆவர். அலை கவிழ்த்தாலும் துடுப்பை வீசி மீண்டும் நிமிர்ந்துவிடுவர். துடுப்புக்கு இருபுறமும் தட்டு உண்டு.

அக்கயாக்கில் சென்று வாத்தை எவ்வாறு வேட்டையாடினர்? பறவை ஈட்டி என ஒன்றை அவர்கள் வகுத்திருந்தனர். அதன் நுனியில் கூர்முனை இருப்பதோடு, தண்டின் நடுவிலும் சுற்றிலும் சில கூர்ப்பற்கள் முன்னோக்கி நீண்டிருக்கும். நுனி தவறினும் நடுப்பற்களில் ஒன்று பறவையின் கழுத்திலோ சிறகிலோ சிக்கும். எறிபலகை ஒன்றின் உதவியால் ஒரு கையாலேயே அதை வீசுவர். மற்றொரு கை துடுப்பைப் பற்றிப் படகைக் காக்கும். வாத்துகளும் பெருவாத்துகளும் இறகு உதிர்க்கும் நாள்களில் சில வாரம் பறக்க இயலாதிருக்கும். அப்போது பல கயாக்குகள் வளைத்துச் சென்று அவற்றைக் கரைநோக்கி ஓட்டுவதும் உண்டு.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இதே மக்கள் 'உமியாக்' என்னும் பெரிய திறந்த தோற்படகையும் வைத்திருந்தனர். குடும்பம் இடம்பெயரும்போது பெண்டிர், குழந்தைகள், நாய்கள், கூடாரம், பாத்திரம் யாவும் அதில் ஏறும். வேட்டைக்குக் கயாக், குடிபெயர உமியாக் என அவர்கள் படகைப் பயன் அறிந்து பிரித்திருந்தனர்.

ஆற்றுக்குப் பிறந்த கனூ

தெற்கே வந்தால் நிலம் மாறுகிறது. கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியிலும் எண்ணற்ற ஏரிகளும் ஆறுகளும் காடுகளுக்கிடையே பின்னிக் கிடக்கின்றன. இங்கு மரத்துக்குக் குறைவில்லை. ஓஜிப்வே முதலிய பழங்குடியினர் பிர்ச் மரத்தின் பட்டையைப் பெருந்தாளாக உரித்து, மரத்தில் உட்புறமாக இருந்த முகம் படகின் வெளிப்புறமாக அமையும்படி மடித்தனர். சீடர் மரத்தின் மெல்லிய விலாச்சட்டங்களை உள்ளே பொருத்தினர். ஸ்புரூஸ் மரத்தின் வேரைக் கீறி நூலாக்கித் தைத்து, அம்மரத்தின் பிசினைக் காய்ச்சித் தையல் மேல் பூசினர். ஆணி ஒன்றேனும் அதில் இல்லை.

அப்படகின் பெருஞ்சிறப்பு அதன் எடைக் குறைவு. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரையில் படகைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுவழி நடப்பர். வழியில் பட்டை கிழிந்தால், வேண்டிய மருந்து கரையிலேயே நிற்கும்: மரத்தில் பட்டையும், வேரும், பிசினும் உண்டு. பின்னர் ஐரோப்பியத் தோல் வணிகர் இதனையே பெருக்கி, மாண்ட்ரீல் நகரிலிருந்து ஏறத்தாழ 36 அடி நீளமுள்ள பெருங்கனூக்களைச் செலுத்தினர். உள்நாட்டுச் சிற்றாறுகளுக்கு ஏறத்தாழ 25 அடிக் கனூவைக் கையாண்டனர். இரயில் வராத காலத்தில் அந்நாட்டின் சரக்கு வண்டி கனூவே ஆகும்.

ஓஜிப்வே மக்கள் ஏரியில் தானே விளையும் காட்டரிசியைக் கனூவில் இருந்தே அறுவடை செய்தனர். ஒருவர் கழியால் படகை ஊன்றித் தள்ள, மற்றவர் கதிரை வளைத்து இரு கோல்களால் தட்ட, மணிகள் படகுக்குள் உதிரும். அக்காட்டரிசியை நாடியே தெற்கு நோக்கிச் செல்லும் வாத்துக் கூட்டங்களும் அங்கு இறங்கும். அரிசி தந்த நீரே இறைச்சியும் தந்தது. இரண்டையும் வீடு கொண்டு சேர்த்தது ஒரே படகு. இருவர் ஏறவும் சுமை ஏற்றவும் தக்கதாக அது திறந்த வடிவில் அமைந்ததன் காரணம் இதுவே.

பார்வை வாத்து

காட்டில் பழக்கிய மானைக் கட்டிவைத்து மற்ற மானை ஈர்ப்பது நம் நாட்டு வேடர் வழக்கம். அப்பழக்கிய விலங்கைப் 'பார்வை' என்பர். இச்சொல் நம் பழந்தமிழில் உள்ளது. வாத்து வேட்டையிலும் பார்வைக்குப் பேரிடம் உண்டு. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924-ஆம் ஆண்டில் கோரைப் புல்லால் செய்து வண்ணம் தீட்டிய பொய் வாத்துகள் கண்டெடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடையவை. நீரில் மிதக்கும் பொய் வாத்தைக் கண்டு, மேலே பறப்பவை தம் இனம் என்று நம்பி இறங்கும்.

இன்றைய வேட்டைக்காரரும் பார்வை வாத்துகளை மூட்டையாகக் கொண்டு செல்கின்றனர். எத்தனை பார்வை வாத்துகள், நாய் உண்டா, துணைவர் உண்டா என்பவற்றைக் கணக்கிட்டால் படகுத் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

துப்பாக்கி செய்த மாற்றம்

ஈட்டிக்கென அமைந்த கயாக்கில் துப்பாக்கி ஏறியதும் புதிய இடர் ஒன்று தோன்றிற்று. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். குறுகிய படகில் அமர்ந்து பக்கவாட்டில் திரும்பிச் சுட்டால், அவ்வுதையே படகைக் கவிழ்த்துவிடும். ஆதலால் முன்னோக்கியே சுடுதல் நன்று. கிரீன்லாந்து வேடர் கடல்நாயை அணுகுவதற்குக் கயாக்கின் முன்புறத்தில் வெண்துணித் திரை ஒன்றை நிறுத்தி, அதன்பின் மறைந்து சென்றனர். தொலைவிலிருந்து பார்க்க அது மிதக்கும் பனிக்கட்டி போலவே தோன்றும்.

கனூவிலும் இவ்விடர் இல்லாமல் இல்லை. முன்னால் அமர்ந்தவரே சுடலாம். பின்னால் அமர்ந்தவர் துடுப்பன்றித் துப்பாக்கியைத் தொடலாகாது என்பது அனுபவம் வாய்ந்தோர் விதி. பின்னவர் துடுப்பை நீரைவிட்டு எடுக்காமலே ஓசையின்றிச் செலுத்துவார். முன்புறத்தில் தழையைக் கட்டிக்கொண்டு, வளைந்து செல்லும் ஆற்றில் ஒவ்வொரு திருப்பத்திலும் வாத்தை அணுகுவது இதன் முறை.

அளவு மீறிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்து வேட்டை பெருவணிகமாயிற்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிறு தட்டைப் படகின் மேல் பீரங்கி போன்ற பெருந்துப்பாக்கியைப் பொருத்தி, உறங்கும் கூட்டத்தின் மேல் ஒரே வெடியில் பல பத்துப் பறவைகளை வீழ்த்தினர். செசபீக் விரிகுடாவின் வாத்துகள் பீப்பாய்களில் அடைக்கப்பட்டு நியூயார்க் முதலிய நகரங்களின் உணவு விடுதிகளுக்கு இரயிலில் சென்றன. இரயில்வேயில் எழுத்தராயிருக்கும் என் போன்றோருக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதன்று. ஊரை ஊரோடு இணைத்த இருப்புப் பாதையே பறவையின் அழிவுக்கும் பாதையாயிற்று.

தீங்கு வந்த வழியிலேயே தடையும் வந்தது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இயற்றப்பட்ட லேசி சட்டம், மாநிலச் சட்டத்துக்கு மாறாகக் கொன்ற பறவையை மற்றொரு மாநிலத்துக்கு அனுப்புவதைக் குற்றமாக்கியது. பார்சலின் மேல் அனுப்புவோர் பெயரும் உள்ளிருக்கும் பொருளும் தெளிவாக எழுதப்படல் வேண்டும் என்றும் விதித்தது. 1916-ல் அமெரிக்காவும், கனடாவின் பொருட்டுப் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. அதனை நிறைவேற்றும் அமெரிக்கச் சட்டம் 1918-ல் வந்தது. காட்டு வாத்தை விற்பது நின்றது. தோளில் வைத்துச் சுடும் துப்பாக்கி மட்டுமே அனுமதி பெற்றது. மோட்டார்ப் படகாலும் பாய்மரத்தாலும் துரத்திச் சுடுவது விலக்கப்பட்டது. 1934 முதல் வயதுவந்த வேட்டைக்காரர் வாத்து முத்திரை வாங்குதல் வேண்டும். அப்பணம் நீர்நிலைகளைக் காக்கச் செலவாகிறது.

இச்சட்டங்களால் விளைந்த பயன் ஒன்று நம் பொருளுக்கு நேராக உரியது. கையால் துடுப்பு வலிக்கும் கனூவும் கயாக்கும் விலக்கப்படாமல் நின்றன. இயந்திர வேகத்துக்கே தடை வந்தது. பழங்குடியினரின் பழம்படகு எதுவோ, அதுவே புதுச் சட்டத்துக்கும் ஏற்ற படகாயிற்று.

புதிய பொருள், பழைய வடிவம்

1865-ஆம் ஆண்டில் ஜான் மக்கிரெகர் என்னும் பிரிட்டானியர் மேற்புறம் மூடிய ஓக் மரப் படகில், இருதலைத் துடுப்புடன் ஐரோப்பிய ஆறுகளில் பயணம் செய்தார். வடிவில் அது கயாக்கை ஒத்தது. அவரோ அதனைக் கனூ என்றே அழைத்தார். இப்பெயர் மயக்கம் பிரிட்டனில் இன்னும் முற்றும் தீரவில்லை. ஜெர்மனியில் 1905-ல் ஆல்பிரட் ஹாய்ரிஷ் என்னும் மாணவர் மடக்குக் கயாக் ஒன்றைச் செய்தார். ரோசன்ஹைம் நகர்த் தையற்காரர் யோகான் கிளெப்பர் 1907-ல் அதன் உரிமையைப் பெற்று விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். மரச்சட்டமும் அதன்மேல் ரப்பர் பூசிய துணியும் கொண்டது அது. கடல்நாய்த் தோலின் இடத்தில் துணி வந்ததேயன்றி அமைப்பு மாறவில்லை. அதைப் பைகளில் மடித்து இரயிலில் ஏற்றி, ஆற்றங்கரையில் இறங்கிப் பூட்டிச் செல்வது அந்நாட்டினர் விடுமுறை வழக்கமாயிற்று. 1956-ல் ஹன்னஸ் லின்டமன் என்னும் மருத்துவர் அத்தகைய படகில் 72 நாளில் அட்லாண்டிக் கடலையே கடந்தார்.

கனூவும் பின்தங்கவில்லை. பிர்ச் பட்டைக்குப் பதிலாகக் கித்தான் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-ல் விமானம் செய்து வந்த கிரம்மன் நிறுவனம் அலுமினியக் கனூவைச் செய்தது. அதன்பின் கண்ணாடி நாரும் பிளாஸ்டிக்கும் வந்தன. பொருள் எத்தனை முறை மாறினும், பழங்குடியினர் வகுத்த வடிவம் மாறவில்லை என்பதே அவர்தம் அறிவுக்குச் சான்று. அவர்களை நாகரிகமற்றோர் என்று எழுதி வைத்தவர்களே அவர்கள் படகில் ஏறிச் சென்றனர்.

எதனைத் தேர்வது?

இனி வினாவுக்கு வருவோம். காற்று வீசும் அகன்ற ஏரி, உப்பங்கழி, அலை மோதும் விரிகுடா இவற்றில் தனியே செல்வோர்க்குக் கயாக்கே தக்கது. அது தாழ்ந்து கிடப்பதால் காற்று அதனை எற்றுவது குறைவு. பறவையின் கண்ணுக்கும் எளிதில் படாது. நாணல் சிறிது இருந்தாலே மறையும். ஆனால் சுமை ஏற்ற இடமில்லை. நாய்க்கு இடம் அரிது. சேற்றுக் கரையில் இறங்குவதும் ஏறுவதும் தொல்லை.

அமைதியான ஆறு, காட்டினூடே தொடர்ந்த ஏரிகள், இரண்டு மூன்று நாள் தங்கல், துணைவர், நாய், பார்வை வாத்து மூட்டை இவை இருப்பின் கனூவே தக்கது. பெருங்காற்றில் அதன் உயர்ந்த பக்கங்கள் பாய்போல் காற்றை வாங்கும். திறந்த வாயில் அலை புகும். அந்நேரம் கரையில் தங்குவதே அறிவுடைமை. எதில் ஏறினும் உயிர்காப்பு அங்கி இன்றியமையாதது. அக்குளிர் நீரில் விழுந்தோன் கைகள் சில நிமிடங்களில் விறைத்துவிடும். நீந்த அறிந்தவனுக்கும் அந்நிலையே.

ஆகவே எது சிறந்தது என்னும் வினா, 'எந்த நீரில், எத்தனை பேர், எவ்வளவு சுமை' என்று கேட்கும் வரையில் விடை பெறாது.

நம் நாட்டில் இத்தேர்வுக்கு இன்று இடமில்லை. பரத்பூரில் 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அவ்விடமே இன்று கேவலாதேவ் தேசியப் பூங்கா. 1985 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ஆம் ஆண்டின் திருத்தமும் வேட்டையைத் தடுத்துவிட்டன. மழைக்காலம் கழிந்ததும் வடதிசையிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகளை நாம் கரையில் நின்று கண்டு மகிழலாம். நம் குழந்தைகளுக்கும் காட்டலாம்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் பழமொழி. இடுப்பளவு பார்த்துக் கயாக்கையும், சுமையளவு பார்த்துக் கனூவையும் கட்டிய மக்கள் அப்பழமொழியைக் கேட்டதில்லை. எனினும் அதன் பொருளைத் தோலிலும் மரப்பட்டையிலும் எழுதிவைத்தவர் அவர்களே.