மிதிவண்டிச் சுமையேற்றம்

மிதிவண்டிச் சுமையேற்றம்: மளிகை, தண்ணீர், பால், விறகு, தபால் முதலியவற்றை மிதிவண்டியில் ஏற்றிச் செல்லும் முறைகளும், அதற்கென்று அமைந்த வண்டி வகைகளும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ‘லோடு அடித்தல்’ என்பர். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள சாதாரண வண்டி, தன்னைப்போல் மூன்று நான்கு மடங்கு எடையுள்ள ஆளையே அன்றாடம் சுமக்கிறது. கூடவே ஒரு மூட்டை அதற்குப் பெரிய காரியமில்லை. சமதரையில் எடை முழுவதும் சக்கரத்தின் வழியே தரைக்குப் போய்விடுவதால் ஓட்டுபவரின் வேலை சமநிலையைக் காப்பதும் மேட்டில் மிதிப்பதும்தான். வண்டி கவிழ்வதும் கவிழாததும் சுமை உட்காரும் இடத்தைப் பொறுத்தது. கீழே வரும் வகைப்பாடு இதை ஒட்டியே அமைந்தது.

தொடக்க வரலாறு

1817இல் கார்ல் டிரைஸ் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்குப் பெடல் கிடையாது. காலால் தரையை உதைத்து ஓட்டவேண்டும். அதில் ஏறிய சுமை, ஓட்டியவர்தான். 1860களில் பாரிசில் முன்சக்கர அச்சில் பெடல் வந்தது. ஒரு மிதிக்கு அதிக தூரம் போகவேண்டும் என்று அந்த முன்சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனதில், 1870களில் ஆள் உயர வண்டி உருவாயிற்று. அதில் ஓட்டுபவர் ஏறக்குறைய முன் அச்சுக்கு நேர்மேலே உட்கார்ந்திருப்பார். வழியில் ஒரு கல் தடுக்கினாலும் தலைகுப்புற விழுவார். முட்டைக்கூடையை இதில் கொடுத்தனுப்பத் துணிந்த கடைக்காரர் இருந்திருப்பார் என்று நம்புவது கடினம்.

எனவே சுமைவண்டியின் மூதாதை மூன்று சக்கர வண்டியே. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் இருபுறச் சக்கரங்களும் திருப்பத்தில் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பல்சக்கர அமைப்பை மூன்று சக்கர வண்டிக்குப் பொருத்தினார். இன்று மோட்டார் காரின் அச்சில் உள்ள ‘டிஃபரென்ஷியல்’ அதே தத்துவந்தான். 1881இல் விக்டோரியா அரசியே ஸ்டார்லியின் வண்டியை வாங்கியதால் அதற்கு மதிப்பும் கூடியது. இத்தகைய வண்டியில் பெட்டி வைக்க இடமிருந்தது, நின்றாலும் சாயாது. 1880களில் பிரித்தானிய அஞ்சல்துறை இவற்றைப் பயன்படுத்தத் தொடங்கியது.

அஞ்சல்துறையின் சோதனைகளில் விசித்திரமானது, 1882இல் ஹோர்ஷாம் ஊரில் ஓடிய ஐந்து சக்கர வண்டி. கட்டடக் கலைஞரான எட்வர்ட் பர்ஸ்டோ வடிவமைத்தது. நடுவே ஒரு பெரிய சக்கரம், சுற்றிலும் நான்கு சிறு சக்கரங்கள், தபாலுக்குக் கூடைகள். ஊரார் அதைக் ‘கோழியும் குஞ்சும்’ என்றே அழைத்தனர். அது நிலைக்கவில்லை.

1885இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி, ஏறத்தாழச் சமமான இரு சக்கரங்களும் பின்சக்கரத்துக்குச் செயினும் கொண்ட ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். 1888இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்றே அவர் அந்த டயரைச் செய்தார். தாழ்ந்த இருக்கை, நாற்கோணச் சட்டம், காற்று டயர் மூன்றும் ஒன்றுசேர்ந்த பிறகே இருசக்கர வண்டியில் பொருள் ஏற்றுவது நடைமுறைக்கு வந்தது.

அடுத்த அரை நூற்றாண்டு கடைப்பையன்களின் காலம். பிரித்தானிய இறைச்சிக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் முன்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கி, அதன் மேல் பெரிய கூடை வைத்த வண்டியை வைத்திருந்தன. சக்கரம் சிறிதானால் கூடை தாழும் என்பதே அதன் சூட்சுமம். சட்டத்தின் நடுவில் கடைப்பெயர் எழுதிய தகடு தொங்கும். பாரிசில் செய்தித்தாள் கொண்டுசெல்வோர் முன்சக்கரத்தின் மேல் தட்டையான தட்டு பொருத்திய வண்டிகளில் பறந்தனர். அவர்களுக்கென்றே சுமையோடு ஓட்டும் பந்தயம் நடந்தது. கோபன்ஹேகனிலும் 1940களில் அப்படிப்பட்ட பந்தயம் உண்டு. ‘வால்ஸ்’ ஐஸ்கிரீம் நிறுவனம் 1920களில் லண்டன் தெருக்களில் முன்பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டிகளை விட்டது. நம் ஊர் ஐஸ் வண்டிக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை தெளிவு. அதே பத்தாண்டில் டென்மார்க்கில் ‘லாங் ஜான்’ பிறந்தது. அதைப் பற்றி வகைப்பாட்டில் காண்க.

வகைப்பாடு

பின்தட்டு: தமிழ்நாட்டில் ‘கேரியர்’, யாழ்ப்பாணத்தில் ‘கரியர்’. உலகில் மிகப் பரவலானது இதுவே. இன்றைய வண்டிகளின் கேரியரில் தாங்கும் அளவு பொறித்திருக்கும். பெரும்பாலும் 25 கிலோ. பழைய கனத்த கேரியரில் அதைப் போல் இரு மடங்கு ஏற்றுவதையும் எவரும் பொருட்படுத்தியதில்லை. கேரியரின் குறை, சுமை பின்னே நகர்ந்தால் முன்சக்கரம் இலேசாகிவிடும் என்பது. பழைய இந்திய வண்டியில் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 114 செ.மீ. 40 கிலோ மூட்டையின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 20 செ.மீ. பின்னால் இருந்தால், முன்சக்கரத்தின் மேலுள்ள எடையில் 7 கிலோ குறைந்துவிடும். மேடேறும்போது ஹேண்டில்பார் கையில் நில்லாமல் ஆடுவது இதனால்தான். அதனால் மூட்டையை இருக்கைக்கு ஒட்டி முன்னே தள்ளிக் கட்டுவர்.

பக்கத் தொங்கல்: கேரியரின் இருபுறமும் தொங்குவது. பால்காரரின் கேன்கள் இவ்வகை. 20 லிட்டர் கேன் இரண்டென்றால் பால் மட்டுமே 41 கிலோவுக்குச் சற்று மேல். எடை தாழ இருப்பதால், அதே 41 கிலோவைக் கேரியர் மேல் நிறுத்தி வைத்ததைவிட வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் ஒரு கேன் தீர்ந்து மற்றது நிறைந்திருந்தால் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்தே ஓட்டவேண்டும். தேர்ந்த பால்காரர் இரு கேனிலிருந்தும் மாற்றி மாற்றி ஊற்றுவது இதற்காக. மேலைநாட்டுத் துணிப்பைகளும் இவ்வகையே. அவற்றில் கால் குதி இடிக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

முன்சுமை: இதில் இரு கிளைகள். ஹேண்டில்பாரில் மாட்டிய கூடையோ கட்டைப்பையோ ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். ஐந்து கிலோ வெங்காயமே திருப்பத்தில் கையை இழுக்கும். பை ஆடி ஸ்போக்ஸில் சிக்கினால் வண்டி அங்கேயே நிற்கும், ஓட்டியவர் நிற்கமாட்டார். கூடையைச் சட்டத்தோடு பிணைத்தால் இந்த இழுப்பு இராது. ஹேண்டில் திரும்பும்போது கூடை திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருப்பது புதிதாக ஓட்டுபவருக்குத் திகைப்பாக இருக்கும். இரண்டாவதே சிறந்தது.

நடுச்சுமை: லாங் ஜான் வகை. ஓட்டுபவருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே சட்டத்தை நீட்டி, முழங்கால் உயரத்துக்கும் கீழே தட்டு அமைப்பது. ஹேண்டிலிலிருந்து ஒரு நீண்ட கம்பி தட்டின் அடியில் ஓடி முன்சக்கரத்தைத் திருப்பும். சமநிலைக் கணக்கில் இதை மிஞ்சிய வடிவம் இல்லை. சந்தில் திருப்பவும் மாடிப்படி அடியில் நிறுத்தவும் முடியாது என்பது வேறு விஷயம். இதன் தம்பி, பின்பகுதி நீண்ட வண்டி. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் எக்ஸ்ட்ராசைக்கிள் நிறுவனம் பரவலாக்கியது.

மூன்று சக்கரம்: முன்னே இரு சக்கரமும் பெட்டியும் கொண்டவை டென்மார்க், நெதர்லாந்து வண்டிகள். கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா குடியிருப்பில் 1984இல் பிறந்த பெட்டிவண்டி பெயர்பெற்றது. சென்னையின் மீன்பாடி வண்டியும் இக்குடும்பமே. பின்னாளில் அதற்குப் பழைய மோட்டார் என்ஜினைப் பொருத்திவிட்டனர். மூன்று சக்கர வண்டி நிற்கையில் சாயாது, ஆனால் வேகமாகத் திரும்பினால் உட்புறச் சக்கரம் எழும்பும். இருசக்கரத்தைப்போல் வண்டியைச் சாய்த்துச் சமாளிக்க வழியில்லை. இழுவைப்பெட்டியோ வேறு வகை: பின் அச்சில் கொக்கியால் மாட்டும் தனி வண்டி. நம் சாலைகளில் அருமை.

தள்ளுசுமை: ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே செல்வது.  மிகப் பெரிய சுமைகள் நகர்ந்தது இப்படித்தான். 1954இல் தியன் பியன் பூ போரில் வியட்நாமியர் 20,000க்கு மேற்பட்ட மிதிவண்டிகளை மலைப்பாதையில் தள்ளிச் சென்றனர். ஹேண்டில்பாரின் ஒருபக்கம் நீண்ட மூங்கிலைக் கட்டித் திருப்புவதற்கும், இருக்கைக்குப் பின்னே இன்னொரு மூங்கிலை நட்டுத் தள்ளுவதற்கும் வைத்துக்கொண்டனர். டியூப் வெடிக்காதிருக்கப் பழைய துணியைச் சுற்றினர். ஒரு வண்டியில் 200 கிலோ சாதாரணம். 300ஐத் தாண்டியோரும் உண்டு. ஜார்க்கண்டின் தன்பாத், ராம்கர் பகுதிகளில் நிலக்கரி மூட்டைகளைச் சட்டத்தின் இருபுறமும் மேலும் அடுக்கி, 200 கிலோவுக்கு மேல் தள்ளிச் செல்லும் தொழிலாளர்கள் எந்தப் போரும் இல்லாமலே அதைச் செய்கின்றனர்.

கட்டும் முறை

கட்டுவதற்குக் கயிற்றைவிட, கிழிந்த சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டைதான் நம் ஊரில் புகழ்பெற்றது. இழுத்துக் கட்டினால் தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். குலுங்கிச் சுமை இறுகி உட்கார்ந்த பிறகும் தளராது. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கேரியரில் குறுக்கே போட்டால் இருபுறமும் வழிந்து தொங்கும். பட்டையைக் கேரியர் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, சிப்பத்தின் மேலே பெருக்கல் குறியாகக் கொண்டுவந்து, எதிர்ப்பக்கக் கம்பியில் முடிவர். முடிச்சு ஓட்டுபவரின் கைக்கெட்டும் பக்கம் இருக்கவேண்டும். மிஞ்சிய வாலை மடித்துச் செருகாவிட்டால் அது செயினைத் தேடிப் போகும்.

இளநீர்க் குலைகளுக்கு வேறு முறை. காம்புகளைப் பிணைத்து இரட்டையாக்கி, கேரியரின் குறுக்கே இருபுறமும் தொங்கவிட்டு, கடைசிக் குலையை மேலே வைப்பர். அரிவாள் தனியே சொருகப்படும். பிளாஸ்டிக் குடம் விற்பவரின் வண்டியிலோ எடை மிகக் குறைவு, பருமன் ஒரு வீடளவு. அங்கே பகை காற்று. லாரி கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் ஓட்டுபவர் இறங்கிப் பிடித்துக்கொள்வதைக் காணலாம்.

சுமைக்கென்று வண்டியைப் பலப்படுத்துவதில் முதலிடம் ஸ்டாண்டுக்கு. ஒற்றைக்கால் ஸ்டாண்டு பையோடு விழும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் இரட்டைக்கால் ஸ்டாண்டே ஏற்ற இறக்க உதவும். அடுத்து, பின்சக்கரம். பழைய பிரித்தானிய முறையில் முன்னே 32, பின்னே 40 என ஸ்போக்ஸ் எண்ணிக்கை வேறுபட்டதே சுமையை எண்ணித்தான். உடைவதும் அங்கேதான், பெரும்பாலும் செயின் பக்கத்தில். பின்டயரில் காற்று குறைந்தால் டியூப் நசுங்கி, ரிம் அடிபடும்.

தமிழகமும் இலங்கையும்

1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியபின் அதன் ஹெர்குலிஸ் சைக்கிள் தமிழக வீடுகளில் இடம்பிடித்தது. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், தடித்த கேரியர் கொண்ட அந்த வடிவம் சுமைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். யாழ்ப்பாணத்தில் அதே இடம் றலி சைக்கிளுக்கு. 1990களில் எரிபொருள் தடை இருந்தபோது குடாநாட்டின் விறகும் காய்கறியும் மனிதரும் துவிச்சக்கரவண்டியிலேயே நகர்ந்தனர்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தில், கிராமப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றனர். தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளை எல்லாம் வண்டியேறின. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவுசெய்கையில், பெண்களில் சிலர் ஆண்களுக்கான வண்டியையே விரும்பியதைக் குறிப்பிடுகிறார்: இருக்கைக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். ‘லேடீஸ் சைக்கிள்’ வடிவமைத்தோர் புடவையை எண்ணினரே ஒழிய, புடவை கட்டியவர் எதைச் சுமப்பார் என்று எண்ணவில்லை.

1980இல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட், கேரியர் சைக்கிளின் பெரும்பகுதி வேலையை வாங்கிக்கொண்டது. இங்கே அப்படி இருக்க, ஐரோப்பிய நகரங்களில் இன்று மின்மோட்டார் துணையுள்ள பெட்டிவண்டிகள் பார்சல் விநியோகத்துக்கும் குழந்தைகளைப் பள்ளியில் விடவும் பயன்படுகின்றன.