காலுறையும் கையுறையும்

ஒரு மொழியின் கதையை இன்னொரு மொழிக்குக் கொண்டு செல்ல முனைபவர் அகராதியை மட்டும் நம்பிப் புறப்பட்டால், பாதி வழியிலேயே திகைத்து நிற்க நேரும். சொல்லுக்குச் சொல் கிடைத்துவிடும். சொல்லோடு ஒட்டிய வாழ்க்கை கிடைக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானியப் புதினங்களை ஆங்கிலத்தில் பெயர்த்த அறிஞர்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஒசாமு தசாய் 1947இல் எழுதிய 'ஷாயோ' என்னும் புதினத்தில், கிராமத்து மருத்துவர் ஒருவர் பழைய மரபுப்படி உடுத்தி நோயாளியைக் காண வருகிறார். அவர் காலில் வெண்ணிறத் 'தாபி'. பெருவிரலுக்குத் தனி இடம் விட்டுத் தைக்கப்பட்ட துணிக் காலுறையே தாபி. வெள்ளைத் தாபி ஜப்பானியருக்கு மரியாதையான உடையின் அடையாளம். 1956இல் டொனால்டு கீன் அதை 'வெள்ளைக் கையுறை' என்று பெயர்த்தார்!

காலுறை எங்ஙனம் கையுறையாயிற்று? உள்ளபடியே எழுதியிருந்தால் மேனாட்டு வாசகர் அம்மருத்துவரின் கோலத்தைக் கண்டு நகைத்திருக்கக் கூடும். வெள்ளைக் கையுறையோ அவருக்கும் மரியாதைக்குரிய உடையாகும். பொருள் மாறியது, மதிப்புத் தப்பிப் பிழைத்தது. ஆயினும், தாபி என்ற ஒன்று உலகில் உண்டென அறியும் வாய்ப்பை அந்த வாசகர் இழந்தார்.

எட்வின் மெக்லெல்லன் வேறு வழி சென்றார். நட்சுமே சோசெகி 1914இல் எழுதிய 'கொகொரோ'வை அவர் 1957இல் பெயர்த்தபோது, அத்தலைப்பை அப்படியே விட்டுவிட்டார். இதயம், மனம், உணர்வு ஆகிய அனைத்தையும் அடக்கிய சொல் அது. நம் 'உள்ளம்' அதற்கு ஓரளவு நெருங்கி வரும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான ஒற்றைச் சொல் இல்லை.

அதே 1957இல் எட்வர்டு சைடன்ஸ்டிக்கர், ஜுனிச்சிரோ தனிசாகியின் 'சசமேயுகி'யை 'மக்கியோகா சகோதரிகள்' என்ற பெயரில் வெளியிட்டார். மெல்லெனப் பொழியும் நுண்பனி என்பதே மூலத் தலைப்பின் பொருள். கதையின் மூன்றாம் சகோதரி யுகிகோவின் பெயரிலும் 'பனி' என்னும் அதே எழுத்து இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பில் அந்தப் பனி கரைந்துவிட்டது.

யசுனாரி கவாபட்டாவின் 'யுகிகுனி'யை, அதாவது 'பனி நாட்டை', 1956இல் பெயர்த்தவரும் சைடன்ஸ்டிக்கரே. மூலத்தின் முதல் வாக்கியத்தில் எழுவாய் இல்லை. சுரங்கத்தைக் கடந்தது ரயிலா, பயணியா, அவனோடு நாமுமா? ஜப்பானிய மொழி சொல்லாமலே விடுகிறது. தமிழும் அங்ஙனம் விட இடந்தரும்; ஆங்கில இலக்கணமோ எழுவாயைக் கேட்கும். அவர் ரயிலை எழுவாயாக்கினார். வாக்கியம் தெளிவு பெற்றது. வாசகரோ வண்டிக்குள்ளிருந்து வெளியே இறக்கப்பட்டார்.

இவற்றைக் குற்றங்களென அடுக்குவது நம் நோக்கமன்று. 1968இல் கவாபட்டாவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அப்பெருமையில் சைடன்ஸ்டிக்கருக்கும் பங்குண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் எதையேனும் இழந்தே ஆகவேண்டும். எதை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்று தேர்வதே அவருடைய புலமை. காலுறையை விட்டு மரியாதையைக் காத்த கீனின் முடிவை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அறியாமையால் வந்த பிழை அதுவென்று எவரும் சொல்லிவிட முடியாது.