பொன் கண்டவரும் வரியில்லாத் தீவும்



பொன்னைத் தேடி நாடுவிட்டு நாடு சென்றவர் பலர். தேடிய பொன்னைக் காப்பதற்காக நாடு மாறிய ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

ஹாரி ஓக்ஸ் 1874-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவக் கல்வியை இடையில் கைவிட்டு, 1898-இல் கிளாண்டைக் பொன்வயல்களை நாடிப் புறப்பட்டார். பல்லாண்டு அலைந்தும் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இறுதியில் கானடாவின் கிர்க்லாந்து ஏரிப் பகுதியில் அவர் கண்ட லேக் ஷோர் சுரங்கம் அவரைப் பெருஞ்செல்வராக்கிற்று. செல்வத்தைத் தொடர்ந்து வரியும் வந்தது. அது பொறாது, 1930-களின் நடுவில், அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த பகாமாத் தீவுகளில் அவர் குடிபுகுந்தார்.

கடகரேகை ஊடறுத்துச் செல்லும் அத்தீவுகளில் வருமான வரி இல்லை. அங்ஙனமாயின் அரசு எதனால் நடந்தது? பெரும்பாலும் சுங்கத்தால். தீவில் விளையாத மாவும் துணியும் கப்பலிலிருந்து இறங்கும்போதே தீர்வை விதிக்கப்படும். அத்தீர்வை விலையில் கலந்து வாங்குவோர் தலையில் விழும். கோடீசுவரர் உண்ணும் ரொட்டியும் கூலியாள் உண்ணும் ரொட்டியும் ஒன்றே. ஆனால் கூலியாளின் வருவாயில் பெரும்பகுதி அந்த ரொட்டிக்கே போய்விடும். சட்டமன்றமோ தலைநகர் நாசோவின் பே தெரு வணிகர் கையில் இருந்தது. இம்முறையை மாற்ற அவர்களுக்கு என்ன அவசரம்?

ஓக்ஸைக் கஞ்சர் என்று எண்ணிவிடலாகாது. அவர் பலருக்கு வேலை தந்தார். விமானத்தளம் ஒன்றும் அமைத்தார். வரிக்கு அஞ்சியவர் கொடைக்கு அஞ்சவில்லை. விந்தையான மனம்! 1939-இல் அவருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது.

உலகப் போர்க்காலத்தில் அந்த விமானத்தளத்தை விரிவாக்கும் பணி தொடங்கியது. உள்ளூர்த் தொழிலாளருக்கு நாட்கூலி 4 ஷில்லிங். உடன் உழைத்த அமெரிக்கருக்கோ மிகக் கூடுதல். 1942 ஜூன் 1-ஆம் நாள் தொழிலாளர் திரண்டு பே தெருவுக்குள் புகுந்தனர். கடைகள் உடைந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பின்னர்க் கூலி 1 ஷில்லிங் உயர்ந்தது. நண்பகல் உணவும் கிடைத்தது. வரியில்லா இன்பத்தீவு என்று செல்வர் கொண்டாடிய மண்ணின் மறுபக்கம் அதுவே.

மறு ஆண்டு, 1943 ஜூலை 8 விடியற்காலையில், ஓக்ஸ் தம் படுக்கையில் கொலையுண்டு கிடந்தார். குற்றஞ்சாட்டப்பட்ட மருமகன் விசாரணையில் விடுதலை பெற்றார். கொலையாளி யார் என்பது இன்றுவரை துலங்கவில்லை.

பகாமா 1973-இல் விடுதலை பெற்றது. வருமான வரி அதன் பின்னும் வரவில்லை. 2015-இல் பண்டங்களின் மீது நூற்றுக்கு 7.5 வீதம் மதிப்புக்கூட்டு வரியே வந்தது. பழைய விமானத்தளம் 1957-இல் மூடப்பட்டது. ஓக்ஸ் ஃபீல்ட் என்று இன்னும் வழங்கும் அப்பகுதியில் இப்போது பகாமாப் பல்கலைக்கழகம் இயங்குகிறது.