குதிரைக் குருதியும் படுவான்கரை உழைப்பாளரும்: நஞ்செதிர் மருந்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களிலே பாம்புக்கடி தற்செயல் நிகழ்ச்சியன்று. அது தொழிலோடு பிணைந்த ஆபத்தாகும். போடியாரின் நிலத்தில் வாடியமைத்து வேளாண்மையைக் காத்த முல்லைக்காரரே வெறுங்காலுடன் வரம்பிலும் சேற்றிலும் நின்றவர். எனவே, பாம்புக்கடி மருந்தின் வரலாற்றை, அம்மருந்தை ஏற்கும் உடல் எவ்வர்க்கத்தினது என்னும் வினாவுடனேயே நாம் அணுகவேண்டியுள்ளது.

பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த சைகோனில் நாக நஞ்சை ஆராயத் தொடங்கிய கல்மெத், 1894இல் நஞ்செதிர் நீர்ப்பாயத்தை அறிவித்தார். குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அதன் குருதியில் தோன்றும் பிறபொருளெதிரிகளைப் பிரித்தெடுத்து நோயாளருக்கு ஏற்றுவதே பின்னர் நிலைபெற்ற முறையாகும். ஆயின், குதிரைப் புரதம் மனித உடலுக்கு அயலானது. அதற்கெதிராகவும் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. ஓரிரு வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி தோன்றும். 1905இல் பிர்கே, ஷிக் ஆகிய இருவரும் இதனை 'நீர்ப்பாய நோய்' என விளக்கினர்.

ஈண்டு ஒரு வேறுபாடு மனங்கொளத்தக்கது. 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், நஞ்செதிர் மருந்து பெற்ற 1007 பேருள் 752 பேருக்கு உடனடிப் பாதக விளைவுகள் தோன்றின. அவற்றுட் பெரும்பாலானவை ஒரு மணித்தியாலத்துள் நிகழ்ந்தன. புதிய பிறபொருளெதிரிகள் உருவாகவோ நாட்கள் வேண்டும். முன்னொருபோதும் இம்மருந்தைப் பெறாதவரிடத்தும் இவ்விளைவு தோன்றுவதால், உடலின் 'ஒவ்வாமை' மீது மட்டும் பழிபோடுதல் பொருந்தாது. மருந்தின் தூய்மை, ஏற்றப்படும் புரதத்தின் அளவு, ஆக்கமுறை ஆகியனவும் விசாரணைக்குரியன. குறைந்த அளவு அதிரினலீனை முன்கூட்டியே செலுத்தினால் கடும் விளைவுகள் குறையுமென்பதையும் அதே ஆய்வு காட்டிற்று.

இன்சுலினின் வரலாறு இதற்கு நல்ல ஒப்பீடாகும். மாடு, பன்றி ஆகியவற்றின் இன்சுலினுக்கெதிராகவும் நோயாளர் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கிற்று. 1970களில் அது மேலும் தூய்மையாக்கப்பட்டது. 1982இல் மரபுப்பொறியியல்வழி ஆக்கிய மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது. செல்வந்த நாடுகளின் பரந்த சந்தை அதன் பின்னே நின்றது. நஞ்செதிர் மருந்தோ இன்றும் பெரும்பாலும் குதிரையையே நம்பியுள்ளது. ஆபிரிக்காவுக்கான அத்தகைய மருந்தொன்றின் உற்பத்தியை, 2014இல் அதன் பன்னாட்டு நிறுவனம் நிறுத்திவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலிற் சேர்த்ததும் 2017இலேயேயாம்.

அயற்புரதத்தை எதிர்த்தல் உடலின் இயல்பு. எவருடைய உடலுக்கு எத்தகைய புரதம் கிடைக்கும் என்பதோ உற்பத்தி உறவுகளால் தீர்மானிக்கப்படுவது. முன்னதை ஆய்வுகூடம் விளக்கும். பின்னதை மாற்றுதல் சமூகத்தின் பணியாகும்.