தொடக்க மதிப்பற்ற மாறிகளும் எச்சரிக்கைகளும்: டெபியன் ஓப்பன்எஸ்எஸ்எல் நிகழ்வு (2006–2008)

முன்னுரை

ஒரு மாறியை அறிவிப்பது வேறு. அதற்கு மதிப்பளிப்பது வேறு. சி மொழியில் செயற்கூறினுள் அறிவிக்கப்படும் இயல்பான மாறிக்குத் தொடக்க மதிப்புத் தரப்படாவிடில், அதன் மதிப்பு உறுதியற்றது என்பது 1989ஆம் ஆண்டுத் தரநிலையின் வரையறை. அந்நினைவிடத்தில் முன்பு எஞ்சியிருந்த தரவே அதன் மதிப்பாக அமையக்கூடும். இதனைச் சுட்டும் எச்சரிக்கை எதை உணர்த்துகிறது, எதை உணர்த்துவதில்லை என்பதை இக்கட்டுரை ஒரு நிகழ்வின்வழி ஆராய்கிறது.

எச்சரிக்கைகளின் வளர்ச்சி

1970களில் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் உருவாக்கிய லின்ட் என்னும் கருவி, மதிப்பளிக்கும் முன்னரே பயன்படுத்தப்படும் மாறிகளைச் சுட்டியது. பின்னர்த் தொகுப்பிகளும் இப்பணியை மேற்கொண்டன. ஜாவா மொழி இத்தகைய உள்மாறிகளைப் பிழையெனவே கொண்டு நிரலைத் தொகுக்க மறுக்கிறது. சி மொழியிலோ முடிவு நிரலரிடம் விடப்பட்டது. பியூரிஃபை, வால்கிரைண்ட் ஆகிய கருவிகள் நிரல் இயங்கும்போதே இக்குறையைக் கண்டறிந்தன.

டெபியன் நிகழ்வு

ஓப்பன்எஸ்எஸ்எல் மறையாக்க நூலகத்தின் சமவாய்ப்பு எண் உருவாக்கியில், ஒரே தோற்றமுடைய வரி இரு செயற்கூறுகளில் இடம்பெற்றிருந்தது. ஒன்று, மதிப்பளிக்கப்படாதிருக்கக்கூடிய நினைவகப் பகுதியையும் கலவையில் சேர்த்தது. அதை நீக்குவதால் தீங்கில்லை. அவ்வரியை மட்டும் விலக்கித் தொகுக்கும் வழி மூலநிரலிலேயே இருந்தது. மற்றொன்றோ, கணிக்க இயலாத தரவு அனைத்தும் உருவாக்கியினுள் நுழையும் வாயில். வால்கிரைண்ட் எச்சரிக்கைகளை நீக்கும் நோக்கில் 2006இல் டெபியன் பதிப்பில் இரு வரிகளும் செயலிழக்கச் செய்யப்பட்டன.

எச்சரிக்கைகள் நின்றன, நிரலும் வழக்கம்போல் இயங்கியது. ஆயின், சமவாய்ப்புக்கு எஞ்சிய ஒரே மூலம் செயலாக்க அடையாள எண். லினக்சில் அதன் இயல்பான உச்சவரம்பு 32,768. எனவே, ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் உரிய திறவுகோல்கள் அனைத்தையும் முன்கூட்டியே கணித்துப் பட்டியலிட இயன்றது. லூசியானோ பெல்லோ கண்டறிந்த இக்குறை 2008 மே 13 அன்று அறிவிக்கப்பட்டது. உபுண்டு உள்ளிட்ட டெபியன் வழி அமைப்புகளும் பாதிக்கப்பட்டன. மென்பொருளைத் திருத்தியது மட்டும் போதவில்லை. இடைப்பட்ட காலத்தில் உருவான திறவுகோல்களையும் மாற்ற வேண்டியிருந்தது.

முடிவுரை

கருவியின் எச்சரிக்கை பொய்யன்று. தரவு எங்கிருந்து வந்தது என்பதை அது சரியாகவே சுட்டியது. அவ்வரி எதற்காக எழுதப்பட்டது என்பதை அதனால் கூற இயலாது. அந்நோக்கத்தை மூலநிரலிலிருந்தே அறிய வேண்டும். எச்சரிக்கை நின்றுவிட்டது என்பது குறை நீங்கியதற்குச் சான்றாகாது என்பதே இந்நிகழ்வின்வழிப் பெறப்படும் முடிவு.